மரணத்துக்குப் பின் வரும் பில்: அமெரிக்க மெடிகெய்டும் சிறிய வீடுகளும்

அமெரிக்காவில் வயதான தாயோ தந்தையோ இறந்து, சடங்குகள் எல்லாம் முடிந்த சில வாரங்களில் பல குடும்பங்களுக்கு ஒரு கடிதம் வருகிறது. அனுப்புவது, ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டமான மெடிகெய்டை நடத்தும் மாநில அரசுத் துறை, அல்லது அதற்காக வசூல் வேலை பார்க்கும் தனியார் நிறுவனம். இரங்கல் தெரிவிக்கும் ஒரு வரி இருக்கும். அதற்கு அடுத்து, இறந்தவர் பெயரில் வீடு, நிலம், வங்கிக் கணக்கு, கார் என்னென்ன இருக்கின்றன என்ற கேள்விகள். பிறகு ஒரு தொகை: பராமரிப்பு இல்லத்தில் இருந்த காலத்துக்கு அரசு செலுத்திய ஒரு லட்சம் டாலரோ மூன்று லட்சம் டாலரோ. அந்தப் பணம் இறந்தவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து அரசுக்குத் திரும்ப வர வேண்டும் என்று கடிதம் முடியும்.

பெரும்பாலான குடும்பங்களுக்கு இது முதல் செய்தி. ஏழைகளுக்கான அரசு உதவி என்று நினைத்து வாங்கியது, உண்மையில் வீட்டின் மேல் எழுதப்பட்ட கடன் என்பது அன்றுதான் தெரிகிறது. மருத்துவத்துக்காக அமெரிக்கா செலவிடும் பணத்தைப் பார்த்தால் இந்த வசூல் கடுகளவு. ஆனால் அது யாரிடமிருந்து எடுக்கப்படுகிறது, எப்படி எடுக்கப்படுகிறது என்று பார்த்தால், அந்த நாட்டின் முதியோர் பராமரிப்பு முறையில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும்.

முதலில் மெடிகேர், மெடிகெய்டு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இரண்டும் 1965-இல் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட ஒரே சட்டத்தில் பிறந்தவை. மெடிகேர் 65 வயதைக் கடந்தவர்களுக்கான காப்பீடு. பணக்காரர், ஏழை என்ற பேதம் இல்லை. மெடிகெய்டு வருமானமும் சொத்தும் குறைந்தவர்களுக்கான உதவித் திட்டம். மத்திய அரசும் மாநிலங்களும் செலவைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இதய அறுவைச் சிகிச்சைக்கு மெடிகேர் பணம் தரும். ஆனால் குளிப்பாட்டவும் உடை மாற்றவும் சோறு ஊட்டவும் ஆள் தேவைப்படும் நிலை வந்தால், அது மெடிகேரின் கணக்கில் மருத்துவம் அல்ல. மருத்துவமனையிலிருந்து வெளியேறியவர் செவிலியர் கவனிப்புள்ள இல்லத்தில் தங்கினால் அதிகபட்சம் 100 நாட்கள் வரை உதவும். அதிலும் முதல் 20 நாட்களுக்குத்தான் முழுச் செலவு. அதன் பிறகு குடும்பம் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். இரண்டு பேர் பகிரும் அறைக்கே ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஆகிறது. நீண்டகாலப் பராமரிப்புக்கெனத் தனிக் காப்பீடு எடுத்தவர்கள் மிகச் சிலர். சேமிப்பு ஓரிரு ஆண்டுகளில் கரைகிறது. கடைசியில் எஞ்சும் ஒரே வழி மெடிகெய்டு. பராமரிப்பு இல்லங்களில் வாழும் பத்துப் பேரில் ஆறு பேருக்கு இன்று பணம் கட்டுவது அந்தத் திட்டம்தான். வாழ்நாள் முழுக்க உழைத்து வரி கட்டி நடுத்தர வாழ்க்கை வாழ்ந்தவர்களும் இதில் உண்டு.

மெடிகெய்டு பெற, பெரும்பாலான மாநிலங்களில் தனி நபரின் சொத்து 2,000 டாலருக்கு மேல் இருக்கக் கூடாது. ஆனால் வீடு இந்தக் கணக்கில் சேராது. "உடல் தேறினால் வீடு திரும்புவேன்" என்ற எண்ணம் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் போதும், வீட்டை விற்கச் சொல்ல மாட்டார்கள். வீட்டின் மதிப்புக்கு ஒரு வரம்பு உண்டு; 2025-இல் அது மாநிலத்தைப் பொறுத்து 7.3 லட்சம் டாலர் முதல் ஏறத்தாழ 11 லட்சம் டாலர் வரை. சாதாரணக் குடும்பத்தின் வீடு இதற்குள் அடங்கிவிடும். மாதாந்திர ஓய்வூதியம் அநேகமாக முழுதும் இல்லத்துக்குப் போய்விடும். கைச்செலவுக்கு என்று முதியவர் வைத்துக்கொள்ள மத்தியச் சட்டம் உறுதிசெய்யும் குறைந்தபட்சத் தொகை மாதம் 30 டாலர். முடி வெட்டவும் பிஸ்கட் வாங்கவும் பேரனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அட்டை அனுப்பவும் அதற்குள்தான். வீடு மட்டும் பத்திரமாக இருக்கிறது என்ற நிம்மதியோடு அவர் கண்ணை மூடுகிறார். அந்த மரணத்தோடு வீட்டுக்கு இருந்த விலக்கு முடிந்துவிடுகிறது.

உதவி பெற்ற முதியவரின் சொத்தில் அரசு கைவைக்கும் வழக்கம் மெடிகெய்டோடு தொடங்கியதல்ல. 1930-களில் முதியோர் உதவித்தொகை தந்த மாநிலங்களில் பல, அதைப் பெற்றவர்களின் வீட்டின் மேல் வில்லங்கம் பதிந்துவைத்தன. மெடிகெய்டு வந்தபோதும், 65 வயதுக்கு மேல் பெற்ற உதவியை இறந்தவரின் சொத்திலிருந்து மீட்க மாநிலங்களுக்கு அனுமதி இருந்தது; கட்டாயம் இல்லை. 1982-இல் வந்த சட்டம், இனி வீடு திரும்ப வாய்ப்பில்லை என்று தீர்மானிக்கப்பட்டவரின் வீட்டின் மேல் அவர் உயிரோடு இருக்கும்போதே வில்லங்கம் பதியலாம் என்றது. பெரிய திருப்பம் 1993-இல் பில் கிளின்டன் கையெழுத்திட்ட பட்ஜெட் சட்டத்தில் வந்தது. அது அனுமதியைக் கட்டளையாக மாற்றியது. 55 வயதுக்கு மேல் மெடிகெய்டு செலவில் பராமரிப்பு இல்லத்திலோ, வீட்டிலேயே தரப்படும் நீண்டகாலப் பராமரிப்பிலோ இருந்தவருக்கு ஆன செலவையும், அதையொட்டிய மருத்துவமனை, மருந்துச் செலவையும் ஒவ்வொரு மாநிலமும் மீட்க முயல வேண்டும். விரும்பினால் மற்ற எல்லா மருத்துவச் செலவையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அன்று சொன்ன காரணத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. மெடிகெய்டு ஏழைகளுக்கானது, சொத்துள்ளவர்கள் அதைப் பிள்ளைகளின் பெயருக்கு மாற்றிவிட்டு, ஏழை வேடம் போட்டு அரசுச் செலவில் வாழ்ந்தால், அந்தச் செலவைச் சுமப்பது சொந்த வீடுகூட இல்லாத வரிசெலுத்துவோர். வீட்டை விற்காமல் வாழ விட்டோம், இறந்த பின் அந்த வீட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறோம், இதில் என்ன அநியாயம் என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் சட்டம் யாரைப் பிடிக்க வந்ததோ அவர்கள் அதில் சிக்கவே இல்லை.

ஏன் சிக்கவில்லை? மெடிகெய்டு விண்ணப்பத்துக்கு முந்தைய 60 மாதங்களில் யாருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று அதிகாரிகள் பார்ப்பார்கள். 2006-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் வைத்த கெடு அது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே கொடுத்தவை கேள்விக்கு அப்பாற்பட்டவை. ஐந்தாண்டு முன்னதாகத் திட்டமிட யாரால் முடியும்? முதியோர் சொத்து விவகாரங்களுக்கென்றே இருக்கும் வழக்கறிஞருக்குச் சில ஆயிரம் டாலர் கட்டணம் கொடுத்து, திரும்பப் பெற முடியாத அறக்கட்டளைக்குள், அதாவது சொத்தைத் தன் பெயரிலிருந்து விலக்கிவைக்கும் ஒரு சட்ட ஏற்பாட்டுக்குள், வீட்டை வைக்கத் தெரிந்தவர்களால். பக்கவாதம் வந்த மறுவாரம், மருத்துவமனைச் சமூகப் பணியாளர் நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்களால் முடியாது. அந்தப் படிவத்தில் சொத்து மீட்பு பற்றிய பத்தி இருக்கும். சட்டப்படி அறிவிப்பு கொடுத்தாகிவிட்டது. ஆனால் பல மாநிலங்கள் மெடிகெய்டுக்குத் தங்கள் சொந்தப் பெயரைச் சூட்டியிருக்கின்றன: கலிஃபோர்னியாவில் மெடிகல், மசாசூசெட்ஸில் மாஸ்ஹெல்த், டென்னஸியில் டென்கேர். மெடிகெய்டைப் பற்றிச் செய்தித்தாளில் படித்தவருக்குக்கூடத் தன் தாய் பெறுவது அதே உதவிதான் என்று தோன்றாமல் போகலாம். அதைவிட முக்கியம், கடன் ஏறிக்கொண்டே போகும்போது மாதாமாதம் எந்தக் கணக்கும் வருவதில்லை. நகை அடகு வைப்பவர் கையில்கூட, எவ்வளவு வாங்கினோம் என்று சொல்லும் ஒரு சீட்டு இருக்கும்.

எந்தச் சொத்தில் கைவைக்கலாம் என்பதில்தான் மாநிலத்துக்கு மாநிலம் விதி தலைகீழாகிறது. குறைந்தபட்சம், நீதிமன்றத்தின் புரோபேட் நடவடிக்கைக்குள் வரும் சொத்து, அதாவது இறந்தவர் பெயரில் மட்டும் இருந்து உயிலாலோ வாரிசுச் சட்டத்தாலோ கைமாறும் சொத்து. பல மாநிலங்கள் அதோடு நிறுத்திக்கொள்கின்றன. மற்றவை இன்னும் வலையை விரிக்கின்றன: கணவன் மனைவியாகவோ தாய் மகனாகவோ கூட்டாக வைத்திருந்த சொத்து, ஆயுள்காலம் மட்டும் அனுபவிக்கும் உரிமை, உயிரோடு இருக்கையில் அமைத்த அறக்கட்டளை எல்லாம் அதில் விழும். டெக்சஸில் புரோபேட் சொத்து மட்டுமே என்பதால், வாழும்வரை முழு உரிமை தன்னிடமும் மரணத்தின்போது வீடு நேராக மகளிடமும் போகும்படி ஒரு பத்திரம் எழுதினால் வீடு தப்பிவிடுகிறது. ஃப்ளோரிடாவில் குடியிருக்கும் வீடு வாரிசுகளுக்குப் போகும்போது கடன்காரர்கள் தொடக் கூடாது என்று மாநில அரசியலமைப்பே சொல்கிறது. இன்னொரு மாநிலத்தில் இருக்கும் அதே மதிப்புள்ள வீடு, அதே நோய், அதே உதவிக்காக ஏலத்துக்குப் போகிறது. ஒரே மத்தியச் சட்டத்தின் கீழ் இவ்வளவு வேறுபாடு இருப்பதை நான் நியாயம் என்று சொல்லத் தயாரில்லை.

பாதுகாப்புகளும் உண்டு. கணவனோ மனைவியோ உயிரோடு இருக்கும்வரை, 21 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால், பார்வையற்ற அல்லது மாற்றுத்திறனாளிப் பிள்ளை எந்த வயதில் இருந்தாலும், அரசு வசூலிக்கக் கூடாது. பெற்றோர் இல்லத்தில் சேரும் முன் இரண்டு ஆண்டுகள் கூடவே தங்கிப் பார்த்துக்கொண்ட மகனோ மகளோ, அந்தக் கவனிப்பால்தான் அவர் அதுவரை இல்லத்துக்குப் போகாமல் இருந்தார் என்று நிரூபித்தால், வீட்டை அவர் பெயருக்கு மாற்ற விலக்கு உண்டு. நிரூபிக்க மருத்துவரின் கடிதமும் முகவரிச் சான்றும் வேண்டும். பெற்றவளைப் பார்த்துக்கொள்ளும்போது யார் சான்று சேர்த்து வைக்கிறார்கள்? அப்பழுக்கில்லாமல் கவனித்த மகள் காகிதம் இல்லாததால் தோற்பது இந்த விதியின் கசப்பான பக்கம். மிகுந்த கஷ்டம் ஏற்படும் என்று காட்டினால் தள்ளுபடி தரும் ஏற்பாடும் எல்லா மாநிலங்களிலும் இருக்க வேண்டும். குடும்பத்தின் ஒரே வருமானம் அந்தப் பண்ணை என்றாலோ, வீடு மிகக் குறைந்த மதிப்புள்ளது என்றாலோ அது பொருந்தலாம். ஆனால் கஷ்டம் எது என்பதற்கான இலக்கணம் மாநிலத்தின் கையில்.

தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதில் இன்னொரு வினோதம். இன்று பல மாநிலங்கள் மெடிகெய்டைத் தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் மூலம் நடத்துகின்றன. நோயாளிக்கு இன்ன சிகிச்சைக்கு இவ்வளவு என்று அரசு கட்டுவதில்லை; தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் நிறுவனத்துக்குக் கட்டுகிறது. மீட்கும் கடனும் அந்த மாதக் கட்டணம்தான். கணக்குக்காக மாதம் 4,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டுகளில் 2.4 லட்சம் டாலர். அந்த ஐந்து ஆண்டுகளில் வீட்டுக்கு வாரம் சில மணி நேரம் ஒரு உதவியாளர் வந்ததைத் தவிர அந்த முதியவர் எதையும் பெறவில்லை என்றாலும் பில் 2.4 லட்சம்தான். பெற்ற சேவையைவிடப் பல மடங்கு தொகையைக் கேட்கும் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு குடும்பங்கள் திகைப்பதற்கு இது முக்கியக் காரணம்.

ஒபாமா காலத்துச் சுகாதாரச் சட்டம் 2014-இல் மெடிகெய்டை விரிவாக்கியபோது இதே விதி வேறொரு உருவில் தலைகாட்டியது. 55-க்கும் 64-க்கும் இடைப்பட்ட, சொந்த வீடுள்ள, வருமானம் குறைந்த பலர் புதிதாகத் திட்டத்துக்குள் வந்தார்கள். எல்லா மருத்துவச் செலவையும் மீட்கும் மாநிலங்களில், சாதாரணக் காப்பீடு என்று நினைத்துச் சேர்ந்தவரின் வீடும் கடனுக்கு உள்ளாகும் நிலை. வாஷிங்டன் மாநிலத்தில் இது செய்தியானதும், 2013 டிசம்பரில் அந்த அரசு விதியை அவசரமாக மாற்றி, நீண்டகாலப் பராமரிப்புக்கு மட்டும் மீட்பு என்று குறுக்கிக்கொண்டது.

இவ்வளவு பாடுபட்டு அரசுக்குக் கிடைப்பது என்ன? மெடிகெய்டு பற்றி அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் ஆணையம் 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2019 நிதியாண்டில் நாடு முழுவதும் மீட்கப்பட்டது சுமார் 73 கோடி டாலர். நீண்டகாலப் பராமரிப்புக்கு மெடிகெய்டு செலவிட்டதில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. அதிலும் பெரும் பகுதி ஒரு சில மாநிலங்களிலிருந்து வந்தது. மெடிகெய்டு பெற்று இறந்தவர்களின் சராசரி நிகரச் சொத்து சுமார் 44,000 டாலர் என்றும் அந்த ஆணையம் கண்டது. கோடீஸ்வரர்களின் மாளிகைகள் இந்த வலையில் இல்லை. தேய்ந்த கூரையுள்ள சிறிய வீடுகள்தான் இருக்கின்றன. தலைமுறைகளாகச் சொத்து சேர்க்க வழியில்லாமல் வைக்கப்பட்ட கறுப்பின மக்களுக்கு அந்த வீடு அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கக்கூடிய ஒரே பொருள் என்பதால், அடி அவர்கள் மேல் கூடுதலாக விழுகிறது. மீட்பை மீண்டும் மாநிலங்களின் விருப்பத்துக்கே விட்டுவிடலாம் என்று ஆணையம் பரிந்துரைத்தது.

வசூலில் மத்திய அரசின் பங்கை மாநிலம் திருப்பித் தர வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மேற்கு வர்ஜீனியா போன்ற ஏழை மாநிலத்தின் மெடிகெய்டு செலவில் ஏறத்தாழ முக்கால் பங்கு மத்திய அரசுடையது. மீட்கும் பணத்திலும் முக்கால் பங்கு அங்கேயே போய்விடும். தன் மக்களின் வீட்டைப் பிடுங்கும் கெட்ட பெயர் மட்டும் மாநிலத்துக்கு. அதனால்தான் மேற்கு வர்ஜீனியா, இந்த விதி மாநிலங்களின் உரிமையை மீறுகிறது, கீழ்ப்படியாவிட்டால் மெடிகெய்டு நிதியையே நிறுத்துவோம் என்பது வற்புறுத்தல் என்று மத்திய அரசின் மேல் வழக்குத் தொடுத்தது. 2002-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மிச்சிகன் இழுத்தடித்து 2007-இல் சட்டம் இயற்றி, 2011-இல்தான் வசூலைத் தொடங்கியது. மறுபக்கம், அயோவா போன்ற மாநிலங்கள் ஒப்பந்த நிறுவனங்களை வைத்து மும்முரமாக வசூலிக்கின்றன.

இதே பிரச்சினையை அயர்லாந்து வேறு மாதிரி கையாளுகிறது. 2009-இல் அங்கே தொடங்கிய திட்டத்தில், இல்லத்தில் சேரும் முதியவர் தன் வருமானத்தில் 80 சதவீதமும், சொத்து மதிப்பில் ஆண்டுக்கு 7.5 சதவீதமும் தர வேண்டும். குடியிருந்த வீட்டுக்கு இந்தக் கணக்கு மூன்று ஆண்டுகளோடு நின்றுவிடும். பத்து ஆண்டு வாழ்ந்தாலும் வீட்டின் மதிப்பில் 22.5 சதவீதத்துக்கு மேல் போகாது. அதைக் கடனாக வைத்துக்கொண்டு இறந்த பிறகு சொத்திலிருந்து கட்டலாம். அங்கேயும் இறந்தவரின் வீட்டிலிருந்து அரசு பணம் எடுக்கிறது. மக்கள் முணுமுணுக்கவும் செய்கிறார்கள். ஆனால் அது கடன் என்று முதல் நாளே தெரியும், அதிகபட்சம் எவ்வளவு என்றும் தெரியும். அமெரிக்க முறையில் இந்த இரண்டும் இல்லை. என் எதிர்ப்பு இங்கேதான் இருக்கிறது. வீட்டிலிருந்து ஒரு பங்கு கேட்பதே தவறு என்று நான் சொல்லவில்லை.

சில மாநிலங்கள் தாமாகவே பின்வாங்கியிருக்கின்றன. கலிஃபோர்னியாவில் 2017 முதல் நிகழ்ந்த மரணங்களுக்குப் புரோபேட் சொத்து மட்டுமே, அதுவும் மத்தியச் சட்டம் கட்டாயப்படுத்தும் செலவுகளுக்கு மட்டுமே. பிழைத்திருந்த துணையின் சொத்தைத் துரத்துவதும் நின்றது. அந்த மாவட்டத்தின் சராசரி வீட்டு விலையில் பாதியோ அதற்குக் குறைவோ மதிப்புள்ள வீட்டுக்குத் தள்ளுபடி உண்டு. மசாசூசெட்ஸ் 2024-இல் மத்திய அரசு கேட்கும் குறைந்தபட்சத்தோடு நிறுத்திக்கொண்டது. மீட்பை அடியோடு ஒழிக்க ஜான் ஷகாவ்ஸ்கி என்ற இல்லினாய் உறுப்பினர் 2022-இல் கொண்டுவந்த மசோதா நாடாளுமன்றத்தில் நகரவில்லை. 2025 ஜூலையில் நிறைவேறிய பெரிய வரிச் சட்டம் எதிர்த்திசையில் போகிறது: 2028 முதல், மெடிகெய்டு பெறுவோரின் வீட்டுக்கான மதிப்பு வரம்பு, விவசாய நிலத்தில் உள்ள வீடுகளைத் தவிர, எந்த மாநிலத்திலும் பத்து லட்சம் டாலரைத் தாண்ட முடியாது.

பிள்ளைகளின் ஆதரவில் கிரீன் கார்டு பெற்று அங்கே குடியேறிய தமிழ்ப் பெற்றோர்களுக்கும் இதில் கவனிக்க வேண்டியது உண்டு. 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுவாக ஐந்து ஆண்டுகள் அவர்களுக்கு மெடிகெய்டு கிடையாது. அதன் பிறகு சேர்பவர்களில் பெரும்பாலோர் மகன் அல்லது மகள் வீட்டில் வசிப்பதால், அவர்கள் பெயரில் அங்கே சொத்தே இருக்காது, கவலையும் இல்லை. பாசத்தால் வீட்டுப் பத்திரத்தில் அம்மா பெயரையும் சேர்த்திருந்தால் கதை மாறலாம், குறிப்பாக வலையை அகலமாக விரிக்கும் மாநிலங்களில். சொத்து வரம்பு பார்க்கும் பிரிவில் விண்ணப்பிப்பவர் ஊரில் உள்ள மனையையும் வீட்டையும் மறைக்கக் கூடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கடிதம் வந்துவிட்டால்? வாரிசுகள் தம் சொந்தப் பணத்திலிருந்து இந்தக் கடனைக் கட்ட வேண்டியதில்லை. கோரிக்கை இறந்தவரின் சொத்தோடு முடிகிறது, சொத்து இல்லையென்றால் கோரிக்கையும் இல்லை. பென்சில்வேனியாவில் 2012-இல் தாயின் இல்லக் கட்டணம் சுமார் 93,000 டாலரை மகன் கட்ட வேண்டும் என்று ஒரு நீதிமன்றம் சொன்னதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்த வழக்கைப் போட்டது பராமரிப்பு இல்லம். அதற்கு அடிப்படை பெற்றோரைத் தாங்கும் கடமை பற்றிய மாநிலச் சட்டம். மெடிகெய்டு கடிதத்துக்குப் பதறிக் காசோலை அனுப்புவதற்கு முன், எந்தத் தேதியில் எந்தச் சேவைக்கு எவ்வளவு என்ற விவரப் பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும். 55 வயதுக்கு முந்தைய செலவோ, அந்த மாநிலம் மீட்கக் கூடாத செலவோ அதில் கலந்திருக்கலாம். இறுதிச் சடங்குச் செலவும் சொத்தை நிர்வகித்த செலவும் பொதுவாக அரசுக்கு முன்னால் வரிசையில் நிற்கின்றன. கஷ்டத் தள்ளுபடிக்கு விண்ணப்பிக்கத் தரும் அவகாசம் மட்டும் பல இடங்களில் சில வாரங்கள்தான். வீட்டில் இன்னும் யாராவது குடியிருந்தால் முதலில் எழுத வேண்டியது அந்த விண்ணப்பத்தை.